கண்ணில் விட்டது நாவில் கசப்பதேன்?

கண்ணழுத்த நோய்க்குத் துளிமருந்து விடும் முதியோர் சிலர், "கண்ணில் விட்ட மருந்து நாவிலே கசக்கின்றதே!" என்று வியப்பதுண்டு. வயதின் மயக்கம் என்று வீட்டார் அதனைத் தள்ளிவிடுவர். கசப்பு மெய்யே.

நம் கண்ணுக்குள் ஒருவகை நீர் இடையறாது ஊறி, நுண்ணிய வழிகளால் வடிந்துகொண்டிருக்கின்றது. வடிதல் தடைப்படின் அழுத்தம் ஏறும். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை இயல்பெனக் கொள்வர். அழுத்தம் ஏறிய பலருக்கு வலியுமில்லை, சிவப்புமில்லை; பார்வை நரம்பு மட்டும் மெல்ல மெல்லப் பழுதுறுகின்றது. போன பார்வை மீளாது. மருந்து விடுவதால் உடனே தெளிவொன்றும் தோன்றாமையின், பலர் அதனை இடையிலே கைவிட்டுவிடுகின்றனர்.

ஒரு மருந்து போதாதவிடத்து வைத்தியர் இரண்டு கொடுப்பர். ஒன்றை விட்டவுடன் மற்றதை விட்டால் முன்னது கழுவுண்டு போம். ஐந்து நிமிடமேனும் பொறுத்தல் வேண்டும். இத்தொல்லையைக் குறைக்கவே இரண்டையும் ஒரே போத்தலிற் சேர்த்தனர். ரிமோலோலும் டோர்சோலமைட்டும் சேர்ந்த துளிமருந்து 1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டும் வெவ்வேறு முறையில் ஊற்றைக் குறைப்பன. வேறொரு சேர்க்கையில் ரிமோலோல் ஊற்றைக் குறைக்க, லற்றனோபுரொஸ்ற் என்பது வடிகாலை இலகுவாக்குகின்றது.

இனிக் கசப்புக்கு வருவோம். கண்ணின் உள்மூலையிலுள்ள சிறு துவாரங்கள் வழியே மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகின்றது. கசப்பது டோர்சோலமைட், அக்கசப்பினால் தீங்கில்லை. அதனுடன் சென்று ஓசையின்றிக் குருதியிற் கலக்கும் ரிமோலோலுக்கே நாம் அஞ்சுதல் வேண்டும். தொய்வு நோயுள்ளவர்க்கு அது மூச்சுக்குழல்களை இறுக்கும். நாடித்துடிப்புக் குறைந்தவர்க்கு மேலுங் குறைக்கும். இவர்களுக்கு வேறு மருந்துகள் உள. ஆயினும், கண் வைத்தியரிடம் தொய்வைப் பற்றிச் சொல்வானேன் என்று வாளாவிருப்போர் எத்தனை பேர்! கேளாவிடினும் சொல்லியே ஆகவேண்டும். மருந்து தொடங்கியபின் மூச்சு முட்டுமாயின், அடுத்த துளியை விடுமுன் வைத்தியரைக் காண வேண்டும்.

ஆச்சிக்கு மருந்துவிடும் பேரப்பிள்ளைகள் ஒன்று செய்யலாம். ஒரு துளி விட்டதும் அவரைக் கண்ணை மூடச்செய்து, மூக்கை ஒட்டிய மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால், கீழிறங்கும் மருந்து குறையும், கசப்புங் குறையும். இரண்டாந் துளி வீண். கண் ஒரு துளியையே முழுமையாகக் கொள்ளாது. போத்தலைத் திறந்த திகதியை அதன்மேல் எழுதி வைத்தலும் நன்று. இவற்றுட் பலவற்றைத் திறந்து நான்கு கிழமைக்குப் பின் பயன்படுத்தலாகாது.