கடிக்குதா குட்டி?



ஆசையாக வளர்க்கும் நாய்க்குட்டி விரலைக் கடிக்கிறதா? அதற்கு உங்கள் மேல் கோபம் இல்லை. 28 பால் பற்கள் விழுந்து, 42 பற்கள் முளைக்கும் பருவம். 6 மாதம் ஆகும்வரை ஈறு நமநமக்கும், கிடைத்ததையெல்லாம் கடிக்கும்.

அடிக்காதீர்கள். பயந்துபோய் இன்னும் பலமாகக் கடிக்கும். கூடப் பிறந்த குட்டி வலிக்கும்படி கடித்தால், மற்றது 'கீச்'சென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். நீங்களும் விளையாட்டை நிறுத்தி, எழுந்து போய்விடுங்கள். பிறகு கடிக்க ரப்பர் பொம்மை கொடுங்கள். அதைக் கடித்தால் தட்டிக் கொடுங்கள். வீட்டில் எல்லாரும் இப்படியே செய்தால், குட்டி சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

இன்னொரு முக்கியமான விஷயம். பல் பட்டுச் சின்னக் கீறல் விழுந்தாலும், 'குட்டியைத் துரத்தி விடுவார்களோ' என்று பயந்து மறைக்காதீர்கள். உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அம்மா, அப்பாவிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. வருமுன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலம் அது. ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை வெறிநாய் கடித்தது. இரண்டே நாளில் அவன் அம்மா அவனைப் பாரிசுக்கு அழைத்து வந்தார். 1885 ஜூலை 6-ல், லூயி பாஸ்டர் கண்டுபிடித்த தடுப்பூசி அவனுக்குப் போடப்பட்டது. பிழைத்துக்கொண்டான்!

உங்கள் குட்டிக்கு 3 மாதம் ஆகிவிட்டதா? கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போய், அதற்கும் தடுப்பூசி போட்டுவிடுங்கள். அப்புறம் என்ன... ஜாலியாக விளையாடுங்கள்!