பல்கலைக் கழகக் கணக்கில் நம் மூட்டையும் ஏறட்டும்



பருப்பு விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினாலும் வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்கிறார். விளைந்த இடத்து விலை ஏறியதா, வழியில் ஏறியதா என்று அவர் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. குல்பர்காவின் துவரை, மத்தியப் பிரதேசத்தின் கோதுமை, நாசிக்கின் வெங்காயம் எல்லாம் பல நூறு கிலோமீட்டர், சில சமயம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், சாலை வழியே வந்துதான் நம் கடைப் படியேறுகின்றன. டீசல் விலை ஏறினாலும், சுங்கச் சாவடிக் கட்டணம் ஏறினாலும் முதலில் அடிபடுவது நம் கொள்முதல் கணக்குதான்.

இவ்வளவு தூரத்துக்கு ஏன் ரயிலில் வரவில்லை என்று இளம் வணிகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கான விடையில் ஒரு பகுதி ரயில்வே அலுவலகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி, நாம் எட்டிப் பார்க்காத இடமான பல்கலைக் கழக ஆய்வுக் கூடத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்மாதம் எழுத விரும்புகிறோம்.

ஆய்வு சொன்ன மூன்று பாடங்கள்

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சிறிய நாணயத்தின் அளவுதான். லாரியின் ரப்பர் சக்கரம் சாலையில் நசுங்கி நசுங்கி உருளுகிறது. அதனால்தான் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல, லாரிக்குச் செலவாகும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ ரயிலுக்குப் போதுமாகிறது. இது எல்லோரும் அறிந்த அடிப்படை. இந்த அடிப்படையை அளந்து கணக்காக்கியவர்கள் பல்கலைக் கழகத்தார்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் எட்வர்ட் ஷ்மிட் என்பவர், ஓடும் சரக்கு வண்டிகளில் அளவுக் கருவிகள் பொருத்திய சோதனைப் பெட்டியைக் கோத்து, வண்டியை இழுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளந்தார். அதன் முடிவு 1910-ல் அச்சாயிற்று. காலிப் பெட்டியைவிட, நிறைய பாரம் ஏற்றிய பெட்டியை இழுக்க டன் ஒன்றுக்கு ஆகும் விசை ஏறக்குறைய பாதிதான் என்று அவர் காட்டினார். பாரம் கூடக் கூட டன் கணக்கில் செலவு குறைகிறது. இது முதல் பாடம். அதே பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் டால்பட் தலைமையில், தண்டவாளம் எவ்வளவு பளுவைத் தாங்கும் என்ற ஆய்வு நடந்து, 1918 முதல் அறிக்கைகள் வந்தன. கனமான பெட்டிகளை ஓட்டும் துணிவை ரயில்வேக்களுக்குத் தந்தவை இப்படிப்பட்ட ஆய்வுகள்தான்.

இரண்டாவது பாடம் காற்றைப் பற்றியது. 2000-க்குப் பின் அதே பல்கலைக் கழக ஆய்வாளர்கள் கண்டெய்னர் ரயில்களைக் கவனித்தார்கள். ஒரு கண்டெய்னருக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விழுந்தால், அந்த இடைவெளிகளில் காற்று புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கிறது, எரிபொருள் வீணாகிறது. புது எஞ்சின் வாங்காமல், பெட்டியின் நீளத்துக்கு ஏற்ற கண்டெய்னரைப் பார்த்து நெருக்கி ஏற்றினாலே மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தட்டில் சந்து விடாமல் சரக்கு அடுக்கத் தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பாடம் வண்டி ஓட்டும் முறை பற்றியது. வேகமான பயணி வண்டியும் மெதுவான கூட்ஸ் வண்டியும் ஒரே பாதையில் ஓடினால், பாதையின் கொள்ளளவே குறைந்து விடுகிறது. பின்னால் வரும் விரைவு வண்டிக்கு வழிவிட்டு கூட்ஸ் வண்டி ஒதுக்குப் பாதையில் காத்துக் கிடக்கிறது. நின்று நின்று கிளம்புவதில் மின்சாரமும் வீண், நேரமும் வீண். நம் நாட்டில் கூட்ஸ் வண்டியின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் என்ற அளவிலேயே பல ஆண்டுகளாக இருந்து வந்திருப்பதற்கு இது முக்கியமான காரணம். எஞ்சினுக்கு வேகம் இல்லாமல் இல்லை. அதற்கு வழி கிடைக்கவில்லை.

நம் நாடு செய்தது

இந்தப் பாடங்களை நம் ரயில்வே கற்றுக் கொள்ளாமல் இல்லை. லக்னோவில் 1957 முதல் ரயில்வேயின் சொந்த ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் ரயில்வே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கனரகச் சரக்குப் போக்குவரத்து அதன் ஆய்வுப் பொருள்களில் ஒன்று. வடோதராவில் 2018-ல் தொடங்கிய ரயில் கல்வி நிறுவனம், 2022-ல் கதி சக்தி பல்கலைக் கழகம் என்ற பெயரில் மத்தியப் பல்கலைக் கழகமாயிற்று.

சரக்கு வண்டிகளுக்கென்றே தனிப் பாதைகளும் போடப்பட்டன. பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன் நகர் வரை 1,337 கிலோமீட்டர் கிழக்குப் பாதை. டில்லிக்கு அருகிலுள்ள தாத்ரியிலிருந்து மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் மேற்குப் பாதை. மேற்குப் பாதையில் மின்கம்பியை உயர்த்திக் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண்டெய்னர்களை அடுக்கி ஓட்டுகிறார்கள். இன்றைய சரக்கு எஞ்சின்கள் பிரேக் போடும்போது உண்டாகும் மின்சாரத்தை மேலே செல்லும் கம்பிக்கே திருப்பித் தருகின்றன. இவையெல்லாம் பெருமைக்குரிய சாதனைகளே. பாராட்டுகிறோம்.

ஆனால் தெற்கே வரும்போது என்ன நடக்கிறது? 2021 மத்திய பட்ஜெட்டில் அடுத்த கட்டமாக அறிவிக்கப்பட்ட பாதைகளில், கரக்பூரிலிருந்து வருவதும் இட்டார்சியிலிருந்து வருவதும் விஜயவாடாவோடு முடிகின்றன. சென்னை அதற்கும் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. திருச்சியும் மதுரையும் இன்னும் தொலைவு.

நாம் எங்கே விடுபட்டோம்?

பாதை மட்டும் வந்து விட்டால் போதுமா என்றால், போதாது. நம் பிரச்சினையின் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

மேலே சொன்ன முதல் இரண்டு பாடங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன: பாரத்தைக் கூட்டு, வண்டியை நிரப்பு, இடைவெளி விடாதே. நிலக்கரிக்கு இது பொருந்தும். ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் சரக்கு ஏற்றும் நம் ரயில்வேயில் ஏறக்குறைய பாதி நிலக்கரிதான். இரும்புத் தாதுவுக்கும் சிமெண்டுக்கும் பொருந்தும். உணவுக் கழகத்தின் அரிசி, கோதுமைக்கும் பொருந்தும். பத்து டன் உளுந்து வாங்கும் மண்டிக்காரருக்கு எப்படிப் பொருந்தும்?

முன்பு ஒரு வேகன், அரை வேகன் என்று சரக்குப் பதிவு செய்ய முடிந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கூட்ஸ் ஷெட்டில் ஆர்.ஆர். ரசீதைக் கொடுத்து மூட்டைகளை எடுத்து வந்த காலம் அது. அந்த முறையில் குறைகளும் இருந்தன. வேகன் எந்த யார்டில் கிடக்கிறது என்று தெரியாமல் வாரக் கணக்கில் காத்திருந்ததும் உண்டு. 1980-களில் ரயில்வே முழு வண்டிச் சரக்குக்கே முன்னுரிமை என்று மாறியது. இன்று மூடு வேகன் வண்டி ஒன்றில் நாற்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள். பெட்டி ஒன்றுக்குச் சுமார் 60 டன். அதாவது 2,500 டன்னுக்குக் குறையாமல் சரக்கு வேண்டும். 20 பெட்டி கொண்ட சிறு ரேக் என்று எடுத்தாலும் 1,200 டன். ஒரு ஊரின் மளிகைக் கடைகள் அனைத்தும் சேர்ந்தாலும் ஒரே நாளில் ஒரே சரக்கை அவ்வளவு வாங்க இயலாது. குறித்த நேரத்துக்குள் இறக்காவிட்டால் டெமரேஜ். இறக்கியதை எடுக்காவிட்டால் வார்ஃபேஜ்.

இங்கே ஆய்வாளர்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. அவர்கள் முன் வைக்கப்பட்ட கணக்கை அவர்கள் சரியாகப் போட்டார்கள். கணக்கை வைத்தவர்கள் ரயில்வேக்களும் பெரும் சரக்குக்காரர்களும். நம் கணக்கை யாரும் வைக்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

சிறு சரக்குக்கும் வழி உண்டு

சிறு சரக்கு என்றாலே ரயிலுக்குக் கட்டாது என்று சிலர் கைவிரிக்கலாம். ஐரோப்பாவில் அப்படி விட்டுவிடவில்லை. அங்கே இன்னும் பெட்டிகளைக் கையால் திருகிக் கோர்க்கிறார்கள். புறப்படும் முன் ஒருவர் வண்டி நெடுக நடந்து பிரேக்கைச் சோதிக்கிறார். தனிப் பெட்டிச் சரக்கின் செலவு ஏறுவது இந்த இடத்தில்தான். ஜெர்மனியில் ஆகன் நகரத்துப் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக் கழகத்தில், தன் பிரேக்கைத் தானே சோதித்துக் கொள்ளும் சரக்குப் பெட்டியை வடிவமைக்கும் ஆய்வு நடக்கிறது. தானாகவே கோத்துக் கொள்ளும் இணைப்பைக் கொண்டு வரவும் முயல்கிறார்கள். தனிப் பெட்டியைக் கட்டுபடியாக்குவதே இவற்றின் நோக்கம்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி தேவ்லாலியிலிருந்து தானாபூருக்குக் கிளம்பிய கிசான் ரயிலில், பல பேர் பல சரக்கைப் பல ஊர்களில் ஏற்றி இறக்க முடிந்தது. குறைந்தபட்ச அளவு என்ற நிபந்தனை இருக்கவில்லை. காய் கனிகளுக்குப் பாதிக் கட்டணம் மானியமாகக் கிடைத்தது. சிறு மூட்டைகளும் சேர்ந்தால் வண்டி நிரம்பும் என்று அது காட்டியது. அந்த மானியம் இல்லாமலும் கட்டுபடியாகும்படி நடத்துவது எப்படி என்பதைத்தான் பல்கலைக் கழகங்கள் இனி ஆராய வேண்டும். நாம் கேட்பது சலுகை அன்று, கணக்கு.

எந்தக் கணக்கு என்று கேட்டால் மூன்றைச் சொல்வோம்.

முதலாவது, சேர்ப்புக் கணக்கு. பார்சல் வேன் ஒன்று சுமார் 23 டன் பிடிக்கும். பத்துக் கடைகள் சேர்ந்தால் நிரப்பலாம். எந்த ஊரில், எந்த நாளில், எந்தச் சரக்கைச் சேர்த்தால் வேன் நிரம்பும்?

இரண்டாவது, திரும்பு சரக்குக் கணக்கு. மகாராஷ்டிரத்து வெங்காயம் இங்கே வருகிறது. சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்குப் போகிறது. ஒன்று வந்த பெட்டியில் மற்றொன்று திரும்புமானால், காலிப் பெட்டி இழுக்கும் செலவு மிச்சம். வெங்காய ஈரமும் வாடையும் ஜவ்வரிசிக்கு ஆகாது. ஆகவே பெட்டியை எப்படிக் கழுவி உலர்த்துவது, இடையில் எந்தச் சரக்கை ஏற்றுவது என்பதும் ஆய்வுக்குரியதே.

மூன்றாவது, கடைசி பத்து மைல் கணக்கு. ஆலையிலிருந்து லாரி, லாரியிலிருந்து வேகன், வேகனிலிருந்து லாரி, லாரியிலிருந்து கடை என்று ஒரு மூட்டை பல கை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் கூலி. ஒவ்வொரு முறையும் கொக்கிக் கிழிசல், சிந்துமானம். ரயிலில் மிச்சமாகும் பணம் ஷெட்டில் கரைந்தால் பயன் என்ன?

லாரித் தொழில் செய்யும் நண்பர்கள் இதைத் தவறாக எண்ண வேண்டாம். வாசலில் இறக்கித் தரும் வசதி லாரிக்குத்தான் உண்டு. அது என்றும் இருக்கும். ஷெட்டிலிருந்து கடைக்கு வரும் பாரமும் லாரிக்குத்தான். ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே வழியை நம்பியிருப்பதுதான் நமக்கு ஆபத்து. வேலை நிறுத்தமோ வெள்ளமோ வந்தால் ஒரே வாரத்தில் கடைத் தட்டு காலியாகிறது. 2024 அக்டோபரில் வெங்காய விலை ஏறியபோது மத்திய அரசு நாசிக்கிலிருந்து டில்லிக்கு 1,600 டன்னை ரயிலில் அனுப்பியது. நெருக்கடியில் அரசுக்குக் கிடைக்கும் வண்டி, சாதாரண நாளில் வணிகருக்கும் கிடைக்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

தேசிய ரயில் திட்டத்தின்படி, நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் ரயிலின் பங்கை சுமார் 27 சதவீதத்திலிருந்து 2030-க்குள் 45 சதவீதமாக உயர்த்த வேண்டும். நிலக்கரியை மட்டும் வைத்து அந்த இலக்கை எட்ட முடியாது. நம் சரக்கும் ஏறினால்தான் முடியும். ஆகவே நம் குரலுக்கு இப்போது மதிப்பு உண்டு.

ஆனால் வெறும் மனு போதாது. ஆய்வாளருக்கு வேண்டியது புள்ளிவிவரம். அது அவர்களிடம் இல்லை. நம் பேரேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஓராண்டுக்கு ஒரு குறிப்பேடு வைக்கட்டும். எந்த ஊரிலிருந்து என்ன சரக்கு, எத்தனை மூட்டை, என்ன எடை, எந்த மாதம், வாடகை எவ்வளவு, எத்தனை நாளில் வந்தது, எவ்வளவு சேதம் என்ற விவரங்கள் போதும். கடையின் பெயரும் விற்பனை விலையும் வேண்டாம். தொழில் ரகசியம் எதுவும் வெளியே போகாது. இவற்றைத் தொகுத்து, தலைமைச் சங்கத்தின் மூலம் கரக்பூருக்கும் வடோதராவுக்கும் நம் மாநிலப் பொறியியல் கல்லூரிகளுக்கும் அனுப்புவோம். மாணவர்கள் மண்டிக்கு வந்து பார்க்க விரும்பினால் கதவைத் திறந்து வைப்போம்.

1910-ல் ஒரு பேராசிரியர் வண்டியோடு சென்று அளந்ததால்தான் பெரிய பாரத்தின் கணக்கு உலகுக்குத் தெரிந்தது. சிறு மூட்டையின் கணக்கையும் யாராவது அளந்தாக வேண்டும். அளப்பதற்கு வேண்டிய விவரத்தைக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. அடுத்த மாதச் செயற்குழுவில் கிளைச் சங்க நிர்வாகிகள் இந்தக் குறிப்பேட்டைப் பற்றி முடிவெடுக்குமாறு அன்புடன் கேட்டுக் கொள்கிறோம்.