டப்பா மானிட்டரைத் தேடி அலையும் தம்பிகளுக்கு

கேம் ஆட சி.ஆர்.டி.தான் சிறந்தது என்று யாரோ வீடியோ போட்டாலும் போட்டார்கள், பழைய டப்பா மானிட்டர் இருக்கிறதா என்று கேட்டுக் காலேஜ் பையன்கள் என் கடைக்கு வருகிறார்கள். மைசூர் அக்ரஹாரம் பக்கம் டி.வி., மானிட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் நான். பிக்சர் டியூப்தான் எனக்குச் சோறு போட்டது. அந்த நன்றியோடுதான் சொல்கிறேன்: வாங்காதீர்கள்.

வீடியோக்காரர் சொல்வது பொய்யில்லை. சி.ஆர்.டி.யில் எலக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஓரிரு மில்லிசெகண்ட் மின்னி அடங்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் எல்.சி.டி.யிலோ ஒவ்வொரு படமும் 16.7 மில்லிசெகண்ட் அசையாமல் நிற்கும். ஓடுகிற எதிரியைத் துரத்தி நம் கண் நகர்ந்துகொண்டே இருக்க, படம் மட்டும் நின்று நின்று மாறுவதால் உருவத்தின் விளிம்பு இழுபடுகிறது. என் மேஜையில் இரண்டையும் அருகருகே வைத்து, எழுத்து நிறைந்த ஒரு ஜன்னலை மவுஸால் வேகமாக இழுத்துக் காட்டுவேன். டப்பாவில் ஓடும்போதே வார்த்தையைப் படிக்கலாம். 60 ஹெர்ட்ஸ் தட்டையில் ஈரமான மையைத் துடைத்த மாதிரி இருக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 வந்த 2003-ல் எல்.சி.டி. இன்னும் மந்தம். பிக்சல் நிறம் மாறவே 20, 25 மில்லிசெகண்ட் எடுத்தது. போட்டியில் ஆடியவர்கள் டப்பாவை விடாததில் ஆச்சரியமில்லை.

அந்தக் கதை மாறிவிட்டது. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் நிற்பது 6.9 மில்லிசெகண்ட்தான், 240-ல் 4.2. டப்பாவை முழுதாக எட்டிப் பிடிக்கவில்லைதான். ஆனால் வாலரன்ட் ஆடுகிற பையனுக்கு அந்த மிச்ச வித்தியாசத்துக்காக மற்றதையெல்லாம் தாங்கிக்கொள்வது கட்டுப்படியாகாது.

மற்றது என்றால் என்ன? முதலில் கரண்ட். 17 இன்ச் டப்பா சுமார் 80 வாட் இழுக்கும். 24 இன்ச் தட்டை 25 வாட்டோடு நிற்கும். தினம் ஆறு மணி நேரம் ஆடினால் மாதம் பத்து யூனிட் கூடுதல். கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் இலவச மின்சாரம் வாங்கும் வீட்டில், அனுமதித்த அளவைத் தாண்டினால் பில் வரும் என்பது அம்மாக்களுக்குத் தெரியும். அடுத்தது கேபிள். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 10 வரிசையிலேயே என்விடியா அனலாக் வெளியீட்டை எடுத்துவிட்டது. கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும். மலிவான கன்வெர்ட்டர் போட்டால், எதற்காக டப்பா வாங்கினீர்களோ அந்த உயர் ரெஃப்ரெஷ் ரேட்டே கிடைக்காது. கடைசியாக ரிப்பேர். டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதே மாடலைக் கழற்றித்தான் ஸ்பேர் எடுக்க வேண்டும். வீட்டில் நீங்களே திறந்துவிடாதீர்கள். டியூபின் முதுகில் ரப்பர் தொப்பிக்கு அடியில் 25,000 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும். எர்த் செய்யாமல் நாங்களே கை வைக்க மாட்டோம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. பழைய கேசட் வீடியோ கேமில் துப்பாக்கியால் வாத்து சுடுவோமே, அதற்கு டப்பா டி.வி.தான் வேண்டும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அதைப் பிடிக்கும். தட்டைத் திரையில் அந்த வெளிச்சம் தாமதித்து வருவதால் குறி தவறும். அப்படி ஆடுகிறவர் வீட்டில் ஓடுகிற டப்பா இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் டப்பாவைக் காயலான் கடையில் போடாதீர்கள். செம்புக் கம்பிக்காக டியூபை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு விதிகள் 2012 மே மாதமே அமலுக்கு வந்துவிட்டன. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடமே கொடுங்கள்.

புதிதாக வாங்கும்போது பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘1 மில்லிசெகண்ட்’டைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது பிக்சல் நிறம் மாறும் வேகம். படம் நிற்கும் நேரமல்ல. ஹெர்ட்ஸைப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து ரெஃப்ரெஷ் ரேட்டை 144-க்கு மாற்றுங்கள். பணம் கொட்டி வாங்கிவிட்டு அதை 60-லேயே ஓட்டிக்கொண்டு, “அங்கிள், ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே” என்று வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம்.