பாகத்தை மாற்றும் முன் பழுதை அளப்போம்

பதினைந்து வயதைத் தாண்டிய கார் வீட்டில் இருந்தால் இந்தக் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. பட்டறையில் புது பேட்டரி போடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து மீண்டும் அதே சத்தம். இம்முறை ஆல்டர்னேட்டர் மாற்றப்படுகிறது. பிறகு ஸ்டார்ட்டர். கடைசியில் ஒருவர் துருப்பிடித்த எர்த் வயரைக் கழற்றி, சுரண்டி, இறுக்கி முறுக்குகிறார். கார் கிளம்பிவிடுகிறது. அதற்குள் குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவு போய்விட்டிருக்கும்.

"பழைய கார் என்றால் அப்படித்தான்" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. காரின் வயதைவிட, அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றும் பழக்கமே இங்கே அதிகச் செலவு வைக்கிறது.

2005இல் அறிமுகமான முதல் தலைமுறை பெரோடுவா மைவியும், அதற்கு மூத்த புரோட்டோன் சாகாவும் இன்றும் நம் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுகின்றன. சிங்கப்பூரில் பத்து வயதைக் கடந்த காரை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். மலேசியாவில் சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு அப்படி ஒரு கட்டாய ஆண்டுப் பரிசோதனை இல்லை. ஆகவே கோளாறைக் கவனிக்கும் பொறுப்பு நம் கையில்தான் இருக்கிறது.

தேய்ந்த டயரைக் கண்ணால் பார்க்கலாம். வயருக்குள் நடப்பதை அளந்துதான் அறிய முடியும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் வயரின் முனையில் படிந்த துரு வெறும் 0.01 ஓம் மின்தடையைத் தருகிறது. இரண்டையும் பெருக்கினால் 1.5 வோல்ட். அதாவது, ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தத்தில் ஒன்றரை வோல்ட் அந்தத் துருவிலேயே தொலைந்துபோகிறது. இது நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளி இயற்பியலில் படிக்கும் ஓம் விதிதான்.

அப்படியானால் புது பேட்டரி போட்டதும் கார் கிளம்பியது எப்படி? புதியதன் கூடுதல் வலு அந்த இழப்பைச் சில காலம் மறைத்துவிட்டது. நோய் இருக்க, வலி மட்டும் அடங்கியது.

சில பத்து ரிங்கிட்டுக்கு விற்கும் மல்டிமீட்டர் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். இரவு முழுவதும் நின்ற காரில், எஞ்சினை முடுக்கும் முன் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுமையாக மின்னேறியிருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான பழைய கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், வயர்கள் ஆகியவற்றின் மீது சந்தேகம் கொள்ளலாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் வயர்தான். பெல்ட்டுக்கும் காற்றாடிக்கும் அருகே கையைக் கொண்டுபோகாமல் இதைச் செய்ய வேண்டும். ஹைப்ரிட் கார்களின் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது.

வெள்ளி மாலை நிறுத்திய கார் திங்கள் காலை கிளம்பவில்லை என்றால், மின்சாரம் எங்கோ வடிகிறது என்று பொருள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கடிகாரம், அலாரம் போன்றவை சிறிது மின்சாரம் எடுக்கும். அது 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதுவே 0.5 ஆம்பியர் ஆனால், அறுபது மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணி போய்விடும். 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் மிஞ்சுவது கால்வாசி. பிற்பாடு பொருத்திய அலாரம், டேஷ்கேம், அணையாத பூட் விளக்கு, ஆல்டர்னேட்டருக்குள் பழுதான டயோடு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். புது பேட்டரி போட்டால் அதுவும் இதே வேகத்தில்தான் வடியும்.

வசதி சார்ந்த கோளாறுகளும் இப்படித்தான். ஒரு கதவின் கண்ணாடி மட்டும் மெதுவாக ஏறினால், மோட்டாரை மாற்றும் முன் கண்ணாடி ஓடும் ரப்பர் தடம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கண்ணாடிகளும் மெதுவாக ஏறினால் பொதுவான மின்னழுத்தத்தில் குறை இருக்கிறது. கண்ணாடி சில சமயம் ஏறி, சில சமயம் ஏறாமல் போனால், கதவுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் போகும் வயர்களைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்ததில் ஏதாவது ஒன்று உள்ளே அறுந்திருக்கக்கூடும்.

ஏர்கோன் விஷயத்தில் ஊகம் இன்னும் அதிகம். "குளிர் இல்லையா? கேஸ் ஏற்றுங்கள்" என்பதே எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிட்டது. ஏர்கோன் வாயு பெட்ரோல் போல எரிந்து தீர்ந்துபோவதல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. பல ஆண்டுகளில் ரப்பர் குழாய்களின் வழியே சிறிது குறையலாம். ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. நெடுஞ்சாலையில் குளிர்ந்து, நெரிசலில் சூடான காற்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது முன்புறக் காற்றாடி. காற்றே குறைவாக வந்தால் வடிகட்டி அடைத்திருக்கலாம். முன்பயணியின் காலடி ஈரமாக இருந்தால் ஏர்கோன் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். அந்த ஈரத்தை அப்படியே விட்டால் தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் வயர் இணைப்புகள் துருப்பிடித்து, அடுத்த ஆண்டின் மின்கோளாறு அங்கேயே பிறக்கும்.

இதில் நம் பணப்பையைத் தாண்டிய நட்டமும் உண்டு. பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. நூறாண்டுக் கணக்கில், இதன் ஒரு கிலோ 1,300 கிலோவுக்குக் குறையாத கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கக்கூடியது. 2016இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கிகாலித் திருத்தம் குறைக்கச் சொல்லும் வாயுக்களில் இதுவும் ஒன்று. கசிவை அடைக்காமல் வாயுவை ஏற்றுவது, அதைக் காசு கொடுத்துக் காற்றில் விடுவதற்குச் சமம்.

ஊகத்தின் ஆபத்தான முகம் பியூஸில் தெரியும். 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று சிலர் 30 ஆம்பியர் பியூஸைச் செருகிவிடுகிறார்கள். வயரைக் காப்பாற்றவே பியூஸ் இருக்கிறது. பெரிய பியூஸைப் போட்டால், அடுத்த முறை பியூஸுக்குப் பதிலாக வயரே சூடேறி எரியும். பின் இருக்கையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் காரில் செய்யக்கூடிய காரியமா அது?

கணினி ஸ்கேனர் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புவோரும் உண்டு. பி0562 என்ற குறியீடு 'மின்னழுத்தம் குறைவு' என்று மட்டுமே சொல்லும். குறைக்குக் காரணம் பேட்டரியா, ஆல்டர்னேட்டரா, பெல்ட்டா, எர்த் வயரா என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க மனிதர் மீட்டருடன் குனிந்து பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவர் ஒரு மணி நேரம் தேடி, ஒரு வயரைச் சரிசெய்து 80 ரிங்கிட் கேட்டால், "ஒரு வயருக்கா இவ்வளவு?" என்கிறோம். அதே வாயால், 300 ரிங்கிட் பேட்டரிக்குப் பேசாமல் பணம் கொடுக்கிறோம். பொருளுக்குத்தான் காசு, அறிவுக்கு இல்லை என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர் பொருளை விற்கிறார் என்று வருந்துவதில் பயனில்லை.

இரு பக்கமும் சிறிது மாற வேண்டும். பட்டறைகள் சோதனைக்கென்று தனிக் கட்டணம் வாங்கட்டும். அளவுகளை ரசீதில் எழுதிக் கொடுக்கட்டும். நாம் அந்தக் கட்டணத்தை முகம் சுளிக்காமல் கொடுப்போம். எந்தச் சூழலில் கோளாறு வருகிறது, மழையிலா, நெரிசலிலா, காலையிலா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவோம். பாகத்தை மாற்றச் சொன்னால், "என்ன அளவு காட்டியது?" என்று மரியாதையாகக் கேட்போம். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். மீட்டரைக் காட்டி விளக்குவார்.