கரண்டி பிடிக்கவா பட்டம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சங்கரன்கோவில் டீக்கடைகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "ஹோட்டல் மேனேஜ்மென்டா? கரண்டி பிடிக்கதுக்கு எதுக்குவே டிகிரி?"

கரண்டி அந்தப் படிப்பில் கால் பங்குதான். உணவு தயாரிப்போடு பரிமாறல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு என இன்னும் மூன்று துறைகள் உண்டு. தரமணியில் இருப்பது போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் சேர எழுதும் நுழைவுத்தேர்வில் எண் கணக்கு, தர்க்கம், பொது அறிவு, ஆங்கிலம், சேவைத் துறைக்கான மனப்பாங்கு இவற்றைத்தான் சோதிக்கிறார்கள். சாம்பாருக்கு எவ்வளவு புளி என்று கேட்பதில்லை.

ஆரம்பச் சம்பளம் குறைவு, நாள் முழுக்க நிற்க வேண்டும், தீபாவளிக்கு லீவு கிடைக்காது என்றால் மறுக்க மாட்டேன். அது உண்மை.

"பாடத்தையெல்லாம் காலேஜே பார்த்துக்கிடும்" என்பது அடுத்த வாதம். கட்டாயப் பாடங்களுக்குச் சரி. விருப்பப் பாடம், புராஜெக்ட், தொழிற்பயிற்சிக்குப் போகும் இடம் ஆகியவற்றில் மாணவருக்கும் பங்குண்டு. கோட்டை விடுவதும் அங்கேதான். கணக்குக்குப் பயந்து காஸ்டிங்கை, அதாவது அடக்கவிலைப் பாடத்தை, கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஒரு பிளேட் பிரியாணிக்கு அடக்கம் எவ்வளவு என்று தெரியாமல் பயிற்சிக்குப் போகிறவர், வெங்காயம் உரித்துவிட்டுத் திரும்புவார்.

எனக்குக் கோபம் வருவது மூன்றாவதில்: "நம்ம ஊர்ல படிக்க என்ன இருக்கு?"

நம் பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறும், மறுநாள் படுத்துவிடும். சாயங்காலம்வரை விற்காத பூ குப்பைக்கு. லாட்ஜ் அறையும் அப்படித்தான்: இன்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. வருவாய் மேலாண்மை என்று பெரிய பெயரில் நடத்துகிற பாடத்தின் கரு இதுதான். பூ வியாபாரியின் பிள்ளைக்கு அது பாதி தெரிந்த பாடம்.

குற்றால சீசன் ஓடும்போதே நம் ஊர் கோமதி அம்மனின் ஆடித் தபசும் வருகிறது. இரண்டு கூட்டமும் ஒரே மாவட்டத்தில். எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் பக்கத்துக் கழுகுமலை வெட்டுவான் கோயிலை எட்டிப் பார்க்காமலே திரும்புகிறார்கள்? புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எது?

பெற்றோரே, அட்மிஷனுக்குப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். காஸ்டிங் எந்த செமஸ்டரில், பயிற்சி எத்தனை வாரம், நான்கு துறையிலும் சுற்ற விடுவார்களா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு ஃபீஸ் கட்டுங்கள்.