வேலியோரத்துச் சீகைக்காயும் வரப்போரத்து உசிலும்

எண்ணெய் ஸ்நானம் நம் நாட்டில் இன்னும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆடவர் புதனும் சனியும், பெண்டிர் செவ்வாயும் வெள்ளியும் தலைமுழுகும் வழக்கம் பல இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருப்பினும், தீபாவளியன்று எண்ணெய் வையாத தலை அரிதே. ஆனால் அவ்வெண்ணெயைப் போக்கும் பொருள் மட்டும் நிலத்தை விட்டுக் கடைக்குப் போய்விட்டது. 1980-களில் சிறு உறைகளில் பரவத் தொடங்கிய ஷாம்பு இன்று குக்கிராமங்களிலும் தொங்குகிறது. தோட்டமும் துரவும் உடைய மிராசுதாரர்களும் அதையே வாங்குவதுதான் எமக்கு வியப்பாயிருக்கிறது.

ஷாம்புவைப் பழிப்பது எம் நோக்கமன்று. நம் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் மிகுந்த கடின நீரே ஊறுகிறது. அந்நீரில் சோப்பைத் தேய்த்தால் நுரை எழாமல் கசடு திரண்டு மயிரில் ஒட்டிக்கொள்ளும். சோப்பின் காரத்தன்மையால் மயிர் முரடாகிச் சிக்குப்பிடிக்கும். ஷாம்புவில் இக்குறை இல்லை. சீகைக்காயிலும் இல்லை என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். சீகைக்காய், பூந்திக்கொட்டையின் தோல், அரப்பு எனப்படும் உசில் இலை ஆகியவற்றிலுள்ள சபோனின் என்னும் பொருள் கடின நீரிலும் அழுக்கையும் எண்ணெயையும் பிரித்துவிடும். சீகைக்காய்க் கரைசல் சற்றுப் புளிப்புத் தன்மையுடையதாகையால் மயிர் முரடாவதுமில்லை.

ஒரு கிலோ சீகைக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறும், நூறு கிராம் வெந்தயமும், நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலையும் ஒரு கைப்பிடி சேர்த்து அரைப்பது நல்ல கணக்கு. பச்சைத் தண்ணீருக்குப் பதிலாக வடிகஞ்சியில் கரைத்தால் வறட்சி தோன்றாது. வெந்தயத்தின் வழவழப்பும் செம்பருத்தியின் வழவழப்பும் சிக்கை எடுத்துவிடும். கண்ணில் பட்டால் எரியும் என்பதைக் குழந்தைகள் நமக்கு நன்கு அறிவித்திருக்கின்றனர். கடையில் விற்கும் தூளில் என்ன கலந்திருக்கிறதென்று பார்வையால் அறிய இயலாதாகையால், முழு நெற்றாக வாங்கி அரைப்பதே உத்தமம்.

இனிப் பயிரிடும் விஷயம். சீகைக்காய் முள்ளுள்ள பெருங்கொடி. உயிர்வேலியில் ஏற்றிவிட்டால் ஆடுமாடு நுழையாது. விதையின் தோல் கடினமானது. வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்து நடவேண்டும். காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் பொறுக்கவும் வேண்டும். எனினும் இதனை ஏக்கர் கணக்கில் சாகுபடி செய்யுமாறு நாம் கூறமாட்டோம். சந்தைக்கு வரும் சீகைக்காயில் பெரும்பகுதி மலைவாழ் மக்கள் காட்டில் சேகரிப்பது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அச்சிறு விளைபொருளின் உரிமையை அவர்களுக்கே அளித்திருக்கிறது. கிணற்றுப் பாசனமும் முதலும் உடையவர்கள் அவர்களோடு போட்டியிட்டு விலையைச் சரிப்பது நியாயமாகாது. வீட்டுத் தேவைக்கு இரண்டொரு கொடி போதும்.

சமவெளிக் குடியானவர்களுக்கு உரிய மரம் உசிலே. உசிலம்பட்டி என்னும் ஊர்ப்பெயரிலேயே அது நிற்கிறது. செம்மண் மேட்டிலும் கல்லாங்குத்திலும் வறட்சியைத் தாங்கி வளரும். தழை வயலுக்கு உரமாகும். விறகும் நன்றாய் எரியும். இத்தனை குணமிருந்தும் வரப்பு திருத்தும்போது முதலில் வெட்டப்படுவது அதுவே! மானாவாரி நிலத்தின் ஓரங்களில் பத்து உசில் நின்றால், ஒரு குடும்பத்தின் அரப்புக்குப் போக மிச்சத்தைச் சந்தைக்கும் அனுப்பலாம். இலையை நிழலில் உலர்த்துக. வெயிலில் காய்ந்தால் பச்சை நிறம் போய் விலையும் குறையும்.

புறம்போக்கில் நிற்கும் உசில் மரங்களைக் குறித்துக் கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. தழைக்கு வருவோர் கிளைகளையெல்லாம் மொட்டையடித்துச் செல்வதால் மரம் நலிந்துபோகிறது. மரத்தின் பலனை அனுபவிக்க 2-சி பட்டா வழங்கும் ஏற்பாடு வருவாய்த் துறையில் உண்டு; ஏழைக் குடும்பம் ஒன்றின் பேரில் அப்பட்டா இருப்பின் அம்மரத்துக்குக் காவலும் உண்டாகும். அவ்வாறு பரிந்துரைக்கும்போது, கிளைகளில் மூன்றிலொரு பங்கையாவது கழிக்காமல் விடவேண்டுமென்று சொல்லிவைப்பது நலம். மேலும் சபோனின் மீனுக்கு நஞ்சாகையால், அரப்போ பூந்தித்தோலோ மொத்தமாய் ஊறவைத்த நீரை மீன் குத்தகைக்கு விட்ட குளத்தில் கொட்டவிடலாகாது. தென்னையடியில் ஊற்றச் சொல்லலாம்.