சுரங்க மீத்தேனும் டெல்டா மீத்தேனும்

கேள்வி: மீத்தேன் எடுக்கக் கூடாது என்று நாங்கள் போராடினோம். வெளிநாட்டில் நிலக்கரிச் சுரங்க மீத்தேனில் மின்சாரம் எடுப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்களே, எது சரி?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டும் சரிதான். வாயு ஒன்று, வேலை வேறு.

நிலக்கரியை வெட்டும்போது அதில் அடைபட்டிருக்கும் மீத்தேன் வெளியேறும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்துவிட்டால் ஒரு தீப்பொறியிலேயே வெடிக்கும். எனவே, தொழிலாளர் உயிரைக் காக்க அதை வெளியேற்றியே ஆக வேண்டும். அப்படியே வானில் விட்டால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும். குழாயில் பிடித்து எரித்தால் மின்சாரம் கிடைக்கும். மீத்தேனும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடும். சீனாவில் ஷான்சி மாகாணத்தின் சிஹே சுரங்கத்தில் இதற்காகவே 120 மெகாவாட் மின் நிலையம் அமைத்தார்கள்.

டெல்டாவில் திட்டமிட்டதோ சுரங்கமே இல்லாத வயல்களில் துளையிடுவது. நிலக்கரிப் படிவத்து நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு வரும். அது கசிகிற வாயுவைப் பிடிப்பதல்ல. பூமிக்குள் கிடப்பதைக் கிளப்புவது. நிலத்தடி நீரை நம்பிய உங்கள் அச்சம் நியாயமானது. டெல்டாவில் புதிதாக அப்படி எடுப்பதை 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் தடை செய்கிறது.

உங்கள் சாண எரிவாயுக் கலனில் இருப்பதும் பெரும்பாலும் மீத்தேன்தான். குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உடனே சரிசெய்யுங்கள். எரிபொருளும் மிஞ்சும், ஆபத்தும் நீங்கும்.